அக்கா இல்லாத வீட்டில் ஒரு வயலின்

கேள்வி: அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. தூக்கம் வராத ஒரு ராத்திரியில் ‘தூரத்து வெளிச்சம்’ என்ற வயலின் இசை தற்செயலாகக் காதில் விழுந்தது. எழுதியவர் லாட்வியாவின் பேட்டெரிஸ் வாஸ்க்ஸ் என்று போட்டிருந்தது. தினமும் கேட்கிறேன், அழுகிறேன். “சோகத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படித் தேறுவாய்?” என்று அம்மா திட்டுகிறார். எனக்கு மேற்கத்திய சங்கீதம் ஒன்றும் தெரியாது. நிறுத்திவிடவா? யார் இவர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. உங்களை அழவைத்த அந்த மனிதரும் தன் சகோதரியைப் பறிகொடுத்தவர்தான். 1983-இல், அந்தத் துக்கத்தில் அவர் எழுதியது ‘முசிக்கா டொலொரோசா’. தந்திக் கருவிகளுக்கான இசை. இதில் நம்பிக்கை எதுவும் இல்லை, வலி மட்டும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை இப்போது கேட்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

வாஸ்க்ஸ் 1946-இல் ஐஸ்புட்டே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர். மதத்தை ஒடுக்கிய சோவியத் ஆட்சியில் அது போதும், பிள்ளைக்குச் சொந்த நாட்டின் இசைக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. பக்கத்து நாடான லிதுவேனியாவுக்குப் போய் டபுள் பாஸ் படித்தார். ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும், அடித்தொண்டையில் பேசுவதுபோல் ஒலிக்கும் வாத்தியம் அது. பல வருடம் ஆர்கெஸ்ட்ராக்களில் அதை வாசித்துப் பிழைத்தார். லாட்வியத் தலைநகர் ரீகாவில் இசையமைப்பை முறையாகப் படித்தது அப்புறம்தான்.

நீங்கள் கேட்ட ‘தூரத்து வெளிச்சம்’ 1997-இல் கிடான் கிரெமர் என்ற வயலின் கலைஞருக்காக எழுதப்பட்டது. அவரும் ரீகாவில் பிறந்தவர். அடுத்த முறை ஆரம்பத்தைக் கவனித்துக் கேளுங்கள். வயலின் தொடங்கியதா இல்லையா என்றே தெரியாது. மூச்சுவிடும் சத்தம்போல எங்கோ மேலே ஒரு இழை. சுமார் அரை மணி நேரத்தில் மூன்று இடங்களில் கூட வாசிப்பவர்கள் எல்லோரும் ஓய்ந்துவிட, வயலின் தனியாகப் போராடும். முடிவை நெருங்கும்போது வெறிபிடித்ததுபோல, வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தின் இசை வந்து மோதும். எனக்கு இன்றும் பயம் தரும் இடம் அதுதான். அது அடங்கிய பின், ஆரம்பத்தில் கேட்ட அதே உயரத்துக்கு வயலின் ஏறி, மெல்லக் கரைந்துவிடும். பாதியில் அழுது நிறுத்திவிடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முழுதும் கேளுங்கள், அந்த முடிவுக்குப் போய்ச் சேருங்கள். அதற்கு இசை இலக்கணம் எதுவும் தேவையில்லை.

அடுத்து வாஸ்க்ஸின் ‘டோனா நோபிஸ் பாசெம்’ கேளுங்கள். ‘எங்களுக்கு அமைதி தாரும்’ என்ற மூன்றே லத்தீன் சொற்களைத்தான் பாடகர் குழு திரும்பத் திரும்பப் பாடும். அப்புறம் ‘கிராமட்டா செல்லாம்’. வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான செல்லோவுக்கு மட்டும் எழுதியது. அதன் இரண்டாம் பகுதியில் வாசிப்பவரே வாய்திறந்து, வார்த்தையில்லாமல், வாத்தியத்தோடு சேர்ந்து பாடுவார். முதல் தடவை கேட்டபோது அறைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

எட்டு மாதமாகத் தூக்கமே சரியில்லை என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மா திட்டுவது பயத்தில். அவருக்கும் போனது மகள். ஒரு சாயங்காலம் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ‘பறவைகளோடு ஒரு நிலக்காட்சி’யைப் போட்டுவிடுங்கள். வாஸ்க்ஸ் 1980-இல் எழுதியது. ஒரே ஒரு புல்லாங்குழல்தான்.