12 ஏ.எம். என்பது எந்த 12?

கேள்வி: இணைய விண்ணப்பம் ஒன்றில் "கடைசி நேரம்: 20ஆம் தேதி 12 ஏ.எம்." என்று போட்டிருக்கிறார்கள். 20ஆம் தேதி பகல் வரையா, இரவு வரையா? "12 நூன்" என்பதும் இதுதானா?

பதில்: பகலும் இல்லை, 20ஆம் தேதி இரவும் இல்லை. 19ஆம் தேதி முடிந்து 20 பிறக்கிற நள்ளிரவுதான் அது. 19ஆம் தேதி இரவு 11:59க்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்பை எழுதியவரே குழம்பியிருக்கலாம் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நூன் என்பது நடுப்பகல், 12 பி.எம். என்பதும் அதுவே.

ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் சுருக்கங்கள்: 'நடுப்பகலுக்கு முன்', 'நடுப்பகலுக்குப் பின்'. சரியாக உச்சிப்பொழுது முன்னும் அல்ல, பின்னும் அல்ல. கறாராகப் பார்த்தால் 12க்கு இரண்டுமே பொருந்தாது. ஆனால் பகல் 12:01 பி.எம்.தான். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் தனி அடையாளம் எதற்கு என்று 12:00ஐயும் அதோடு சேர்த்துவிட்டார்கள். நள்ளிரவு 12:00 ஏ.எம்.மில் சேர்ந்ததும் இப்படித்தான். செல்போனில் 11:59 பி.எம். தாண்டியதும் 12:00 ஏ.எம். என்று மாறும், கூடவே தேதியும் மாறும்.

நூனின் கதை இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'நோனா' என்றால் ஒன்பதாவது. சூரிய உதயத்திலிருந்து எண்ணிய ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணிவாக்கில். கிறிஸ்தவ மடங்களில் அந்த வேளை ஜெபத்துக்கும் அதே பெயர். ஜெபமும் சாப்பாட்டு வேளையும் மெல்ல முன்னே நகர, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றுவிட்டது.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது மணியில் அல்ல, தேதியில். பஞ்சாங்கக் கணக்கில் நாள் விடிந்த பிறகுதான் மாறும். பேச்சிலும் "வெள்ளி ராத்திரி பன்னிரண்டரை" என்கிறோம். ரயில்வே கணக்கில் அது சனிக்கிழமை 00:30. டிக்கெட்டில் "20ஆம் தேதி 00:20" என்றிருந்தால் 19ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கே ஸ்டேஷனில் இருங்கள். 20ஆம் தேதி இரவு போனால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இடையில் ஏறுபவர்களும் கவனிக்க வேண்டும்: சென்னையில் 19ஆம் தேதி இரவு கிளம்பும் வண்டி திருச்சிக்கு 02:30க்கு வருகிறதென்றால், திருச்சியிலிருந்து பதிவு செய்பவர் 20ஆம் தேதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்களே அறிவிப்பு எழுதும்போது வெறும் 12ஐத் தொடவே தொடாதீர்கள். "19ஆம் தேதி இரவு 11:59 வரை" என்றோ "20ஆம் தேதி நடுப்பகல் 12 வரை" என்றோ எழுதுங்கள். "20ஆம் தேதி நள்ளிரவு" என்பதும் ஆபத்து: அந்த நாள் தொடங்குகிற நள்ளிரவா, முடிகிற நள்ளிரவா என்று ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள்.