தாத்தா டிராக்டர திரும்ப ஓட்டிப் பாக்கணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க தாத்தா வாங்கின மாஸி பெர்குசன் 1035 மாட்டுக்கொட்டகை ஓரமா பல வருஷமா நிக்குது. இன்ஜின் ஜாம். ஊர் மெக்கானிக் காயலான் கடைக்கு போட்டுடுன்னு சொல்றாரு, எனக்கு மனசு வரல. நான் பெங்களூர்ல வேலை பாக்கறேன், மாசத்துக்கு ரெண்டு தடவதான் ஊருக்கு வருவேன். சனி ஞாயிறுல மட்டும் கை வெச்சு இத ஓட வெக்க முடியுமா, எங்கேருந்து ஆரம்பிக்கறது?
— மன்னார்குடி பக்கத்து வாசகர்

பதில்: முடியும் தம்பி, காயலான் கடைக்கு மட்டும் போட்றாதீங்க. நீங்க கைல வெச்சிருக்கறது ஒரு நல்ல வண்டி. 1960ல ஆரம்பிச்ச நம்ம சென்னை டாஃபே, மாஸி பெர்குசன் கூட சேந்து போட்ட வம்சம் அது. உள்ள சிம்சன் மூணு சிலிண்டர் டீசல். பிஸ்டன் செட், ஸ்லீவ், கேஸ்கெட், ஆயில் சீல்னு எத கேட்டாலும் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்காரர் முழிக்க மாட்டார். பழைய வண்டிய மீட்கறவனுக்கு இதுதான் முதல் நிம்மதி.

முதல்ல செய்யக்கூடாதத சொல்லிடறேன். வேற டிராக்டர்ல சங்கிலி கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு யாராவது வருவாங்க, விடாதீங்க. உள்ள ஒரு வால்வு துருப்பிடிச்சு கைடுல (வால்வு ஏறி இறங்கற குழாய்) ஒட்டியிருந்தா இழுக்கற இழுப்புல வால்வ தள்ளற புஷ் ராடு வளையும், இல்ல பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும், ஒரு நாள் வேலையா முடிய வேண்டியது முழு இன்ஜின் வேலையாயிடும். அதே மாதிரி புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சுப் பாக்கறதும் இப்போ வேணாம்.

முதல் சனிக்கிழமை இன்ஜின் அடில ஆயில் தேங்கற சம்ப்போட வடிகால் போல்ட்ட மெதுவா லூஸ் பண்ணுங்க, முழுசா கழட்டாம. தண்ணி ஆயில விட கனம், அதனால உள்ள தண்ணி இறங்கியிருந்தா அதுதான் முதல்ல வரும். எவ்வளவு வருதுன்னு பாத்தாலே இன்ஜின் நிலைமை பாதி தெரிஞ்சிடும். அப்புறம் மேல வால்வுகள மூடியிருக்கற ராக்கர் கவர கழட்டி வால்வு ஒவ்வொன்னும் அசையுதா பாருங்க. அடுத்து சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற மூணு நாசிலையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து ஊத்தி, ஓட்டைய துணியால அடைச்சிட்டு பெங்களூர் கிளம்புங்க. இந்த வேலைக்கு உங்கள மாதிரி ரெண்டு வாரம் கழிச்சு வர்றவர்தான் சரியான ஆளு, ஏன்னா ஊற ஊறத்தான் துருல ஒட்டின பிஸ்டன் ரிங்கு விடும். தினமும் வந்து நிக்கறவன் பொறுமை இல்லாம கம்பியப் போட்டு நெம்பி எதையாவது ஒடச்சிடுவான்.

திரும்பி வந்ததும் செல்ஃப் மோட்டார கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா ஃபிளைவீல் பல்ல லேசா முன்னயும் பின்னயும் அசைச்சுப் பாருங்க. துளி அசைஞ்சாலும் போதும், நிறுத்திட்டு திரும்ப எண்ணெய் ஊத்துங்க. ரெண்டு மூணு வாட்டி ஊற வெச்சும் அசையலன்னா சிலிண்டருக்கு மேல இருக்கற ஹெட்ட இறக்கித்தான் ஆகணும்.

ஸ்பானர் விஷயம் ஒன்னு சொல்லணும், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. இந்த வம்சத்து பழைய வண்டில நிறைய போல்ட்டு இஞ்ச் அளவு. அரை இஞ்ச் போல்ட்டுல 13 எம்எம் ஸ்பானர் போட்டா மாட்டும், ஆனா சொச்ச இடைவெளி இருக்கும், துருப்பிடிச்ச போல்ட்டுல பலமா திருப்பினா முனை மழுங்கி அப்புறம் உளி வெச்சுத்தான் எடுக்கணும். ஒரு இஞ்ச் ஸ்பானர் செட்டுக்கு கணக்கு பாக்காதீங்க. கழட்டற ஒவ்வொன்னையும் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க, போல்ட்ட அதது இடத்து பேர் எழுதின டப்பால போடுங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ வர்றவருக்கு நியாபகம் நிக்காது.

இன்ஜின் சுத்த ஆரம்பிச்சதும் டீசல் டேங்க இறக்கி கழுவுங்க, ஃபில்டர் ரெண்டும் புதுசு போடுங்க, பம்பையும் நாசிலையும் டீசல் பம்ப் ஒர்க்ஸ்ல குடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க, அத வீட்ல பிரிக்க வேணாம். ஏர் கிளீனர் அடில ஒரு ஆயில் கிண்ணம் இருக்கும், அதுல குளவி கூடு, சேறு எல்லாம் சேந்திருக்கும், வழிச்சு எடுங்க. முதல் ஸ்டார்ட் அன்னிக்கு ஸ்டாப் கேபிள் இழுத்தா பம்ப் நிக்குதான்னு முன்கூட்டியே கண்ணால பாத்துடுங்க, கூடவே இன்ஜினுக்குள்ள காத்து போற வாய மூட ஒரு தடி பலகைய கைல வெச்சுக்கோங்க. ரொம்ப நாள் நின்ன டீசல் பம்ப்ல ராக் (டீசல் அளவ கூட்டி குறைக்கற கம்பி) ஒட்டிக்கிச்சுன்னா இன்ஜின் வேகம் ஏறிக்கிட்டே போகும், சாவிய திருப்பினா நிக்காது, காத்த அடைச்சாத்தான் நிக்கும். கைய வெச்சு மட்டும் அடைக்காதீங்க.

கிளட்ச் பிளேட் மாத்த வேண்டி வந்தா வண்டிய ரெண்டா பிரிக்கணும். இதுல லாரி மாதிரி தனி சேஸ் கிடையாது, இன்ஜினும் கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சேந்ததுதான் முதுகெலும்பு. முன் ஆக்ஸில் நடுவுல ஒரே பின்ல ஆடும், அதனால பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடிச்சே ஆகணும், இல்லன்னா முன் பாதி அப்படியே சாஞ்சு ஆள் மேல விழும். அந்த வேலைய மட்டும் அனுபவம் உள்ள மெக்கானிக் இல்லாம செய்யாதீங்க.

கேள்வி: சார், பழைய மாஸி ஒன்ன வாங்கி இன்ஜின் ஓட வெச்சிட்டேன். லிஃப்ட் மட்டும் கலப்பைய தூக்க மாட்டேங்குது. சும்மா ஷோவுக்குத்தானே வெச்சிருக்கேன், லிஃப்ட விட்டுடலாமா?
— வந்தவாசி வாசகர்

பதில்: விடாதீங்க சார், தயவு செஞ்சு விடாதீங்க. அந்த லிஃப்டுதான் இந்த டிராக்டரோட உயிரே. அதுக்கு முன்னாடி கலப்பைய சும்மா பின்னாடி கோத்து இழுப்பாங்க, கலப்பை பாறையிலயோ வேர்லயோ மாட்டினா சக்கரம் நிக்காம டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டறவர் மேலயே மல்லாந்துடும். வட அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் மூணு புள்ளில கலப்பைய மாட்டி, மேல் கம்பி டிராக்டர முன்னுக்கு தள்ளற மாதிரி வெச்சாரு, கூட ஆயில் அழுத்தத்துல தூக்கற ஹைட்ராலிக்கையும் சேத்தாரு. 1938ல ஹென்றி ஃபோர்டோட கை குலுக்கியே ஒப்பந்தம் போட்டாரு, அப்புறம் ஃபோர்டோட பேரன் காலத்துல அது கோர்ட்டு வரைக்கும் போய் 1952ல 92.5 லட்சம் டாலர்ல முடிஞ்சுது. 1946லேருந்து பத்து வருஷத்துல இங்கிலாந்து கோவென்ட்ரில மட்டும் டிஇ20ங்கற பெர்குசன் டிராக்டர அஞ்சு லட்சத்துக்கு மேல போட்டாங்க, எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரில தென் துருவத்துக்கு போனது அந்த டிராக்டர்லதான். இன்னிக்கு நம்ம வயல்ல ஓடற எந்த கம்பெனி டிராக்டர்லயும் பின்னாடி அந்த மூணு புள்ளிதான் இருக்கு. அத செத்துப்போனதா வெச்சிட்டு வண்டிய மீட்டுட்டேன்னு சொல்ல எனக்கு மனசு ஒப்பாது.

பம்ப மாத்தற முன்னாடி இதெல்லாம் பாருங்க. இந்த வண்டில கியர் பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான், அளவு குறைஞ்சிருந்தா பம்ப் காத்தத்தான் இழுக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மோர் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி கலந்திருக்கு, கியர் லீவர் ரப்பர் கிழிஞ்சு மழை இறங்கியிருக்கும். முழுசா வடிச்சு, உள்ள டீசல் விட்டு அலசி, புது ஆயில் ஊத்துங்க. பெர்குசன் சிஸ்டத்துல பம்புக்குள்ள ஆயில் போற வழியிலதான் கன்ட்ரோல் வால்வு இருக்கு, அழுக்கு ஆயில்ல அது ஒட்டிக்கும், நிறைய வண்டில ஆயில் மாத்தினதுமே லிஃப்ட் எழுந்துடும். சீட்டு பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கும், டிராஃப்ட் (கலப்பை இழுக்கற பாரத்த வெச்சு ஆழத்த பாத்துக்கறது) ஒன்னு, பொசிஷன் (உயரத்த வெக்கறது) ஒன்னு, ஒன்னு தப்பான இடத்துல இருந்தா இன்னொன்னு சரியா வேலை செய்யாது. சிங்கிள் கிளட்ச் வண்டின்னா கிளட்ச மிதிச்சா லிஃப்டும் நிக்கும், அது ரிப்பேர் இல்ல. தூக்குது, ஆனா இன்ஜின நிறுத்தினதும் சர்ருனு இறங்குதுன்னா லிஃப்ட் சிலிண்டர் ரிங்கு, சீல் பக்கம் தேடுங்க, பம்ப் பக்கம் வேணாம்.

கேள்வி: பழைய மாஸிய முழுசா சாண்ட் பிளாஸ்ட் பண்ணி (மணல வேகமா அடிச்சு துருவ எடுக்கறது) புதுசு மாதிரி பளபளன்னு பெயின்ட் அடிக்கலாமா?
— திண்டுக்கல் வாசகி

பதில்: வண்டிய பிரிக்காம சாண்ட் பிளாஸ்ட் வேணவே வேணாம்மா, மணல் ஆயில் சீலுக்குள்ள, பேரிங்குக்குள்ள எல்லாம் போய் உக்காந்துக்கும். கெரசின்ல பிரஷ் போட்டு கழுவினாலே பழைய செவப்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிடும். பானெட்டு, மட்கார்டு செவப்பு, இன்ஜினும் கியர் பாக்ஸும் சாம்பல், இதுதான் பழைய மாஸி 35 நிறம், எல்லாத்தையும் ஒரே செவப்புல முக்கி எடுக்காதீங்க. நேம் பிளேட் மேலயும் கிரீஸ் நிப்பிள் மேலயும் பெயின்ட் படக்கூடாது. கால் தேஞ்ச பெடல மாத்தாதீங்கன்னுதான் நான் சொல்வேன், அது உங்க வீட்டு ஆளுங்க மிதிச்சு தேஞ்சது.

கேள்வி: ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன டிராக்டருக்கு வின்டேஜ் நம்பர் கிடைக்குமா?
— ஈரோடு வாசகர்

பதில்: கிடைக்காதுங்க. 2021ல வந்த அந்த வின்டேஜ் விதி டூ வீலருக்கும் காருக்கும்தான், டிராக்டர் அதுல வராது. அதனால பழைய ஆர்சி புக்க பத்திரமா தேடி எடுங்க. அதுல இருக்கற சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, முன்ன யாராவது வேற இன்ஜின் மாத்தி போட்டுட்டு ஆர்சில ஏத்தாம விட்டிருப்பாங்க. பதினஞ்சு வருஷம் தாண்டினதுனால ரிஜிஸ்ட்ரேஷன ரின்யூவல் பண்ணாம ரோட்ல ஏத்த முடியாது. இந்த சரிபார்ப்ப பெயின்ட், இன்ஜின் எதுக்கும் காசு போடறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்கறப்போ தாத்தா பேர்ல வண்டி இருந்தா வாரிசு சான்றிதழும் கேப்பாங்க, அதையும் கையோட எடுத்துட்டு போங்க.