அணுமின் நிலைய வேலைக்கு முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: நான் மின்பொறியியல் பட்டதாரி, வயது 35. நெய்வேலி வட்டாரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் 12 ஆண்டுகளாக மின் பராமரிப்பில் இருக்கிறேன். வளைகுடா நாட்டு அணுமின் நிலையத்தில் மூத்த மின் அமைப்புப் பொறியாளர் வேலைக்கு 4 லட்சம் ரூபாய் ஆகும், 1 லட்சத்தை இந்த மாதமே கட்ட வேண்டும் என்கிறார் புதுச்சேரி முகவர் ஒருவர். என் அனுபவம் அங்கே செல்லுமா? பணம் கட்டலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: அனுபவம் செல்லும், பணம் கட்டாதீர்கள்.

அங்கே இருக்கும் ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், சுவிட்ச்கியர் (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் கருவித் தொகுதி) எல்லாம் நீங்கள் அன்றாடம் கையாள்பவைதான். அனல்மின் நிலையத்தில் கொதிகலனை நிறுத்தினால் நெருப்பு அடங்கிவிடும். அணு உலையிலோ நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு மிஞ்சியிருக்கும். அதைக் குளிர்விக்கப் பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே நம் நாட்டின் கனநீர் உலைகளில் (கனநீரைப் பயன்படுத்தும் அணு உலைகள்) மின்வழங்கல் நான்கு வகுப்பாக அமைந்திருக்கிறது. வெளிக் கட்டமைப்பைச் சார்ந்தது நான்காம் வகுப்பு, டீசல் ஜெனரேட்டர் தாங்குவது மூன்றாம் வகுப்பு, இன்வெர்ட்டர் வழியே தடையின்றி வருவது இரண்டாம் வகுப்பு, பேட்டரியின் டி.சி. மின்சாரம் முதல் வகுப்பு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் கூடத்துத் தீ கேபிள்களில் பரவி, அந்த அலகு ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி நின்றதையும், தீயணைப்புப் பம்புகளால் நீர் செலுத்தி உலையைக் காத்ததையும் எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் மறக்கவில்லை.

எனவே பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் நீங்கள் செய்த வேலைக்குத்தான் மதிப்பு. நான் தேர்வுக் குழுவில் இருந்தபோது ஓர் இளைஞர், 220 வோல்ட் பேட்டரி வரிசையில் செல் செல்லாக ஹைட்ரோமீட்டர் வைத்து அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்த்ததையும், மற்றவை 1.210 காட்டியபோது இரண்டு மட்டும் 1.180-இல் நின்றதையும், அதன் காரணத்தைத் தேடியதையும் விவரித்தார். அவரிடம் வேறு சான்று எதையும் நாங்கள் கேட்கவில்லை.

இனி அந்த முகவர். நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதத்தில் நிலையத்தின் பெயர் சரியாக இருக்கிறது, ஆனால் பதில் அனுப்ப வேண்டிய முகவரி ஜிமெயில். உங்களிடம் ஒரு தொழில்நுட்பக் கேள்விகூடக் கேட்காமல் பதவியும் சம்பளமும் முடிவாகியிருக்கின்றன. அணுமின் நிலையம் எதுவும் நேர்காணலும் பின்னணிச் சரிபார்ப்பும் இல்லாமல் ஆள் எடுக்காது.

பட்டதாரி என்பதால் உங்களுக்குக் குடிபெயர்வு அனுமதி (வெளிநாட்டு வேலைக்குச் செல்ல அரசு தரும் அனுமதி) தேவையில்லை, ஆகவே தனக்கும் பதிவு தேவையில்லை என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பொய். அந்த விலக்கு பயணம் செய்பவருக்கு உரியது. ஆள் திரட்டுபவருக்கு உரியதன்று. பொறியாளரை அனுப்பினாலும் கொத்தனாரை அனுப்பினாலும், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி முகவர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, அதுவும் ரசீது கொடுத்துத்தான், வாங்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

பணத்தைக் கொடுத்து ஏமாந்த பிறகு படும் பாடு தனி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை, பணம் கைமாறியது புதுச்சேரியில் என்று இந்தப் பக்கத்துக் காவல் நிலையமும், வீடு தமிழ்நாட்டில் என்று அந்தப் பக்கத்து நிலையமும் மாறிமாறி அலைக்கழித்தன. எல்லையோரக் கன்னியக்கோயிலைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுமா? எல்லையைக் காரணம் காட்டாமல் எந்த நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பதை நாம் எடுத்துச் சொல்லித்தான் நடக்கவைக்க வேண்டியிருக்கிறது.

இந்திய அணுமின் கழகத்தின் பயிற்சிப் பொறியாளர் தேர்வு கேட் (GATE) என்னும் பொறியியல் திறனறித் தேர்வின் மதிப்பெண் வழியே நடப்பது. பொதுப் பிரிவு வயது வரம்பு 26, எனவே அது உங்களுக்கு இல்லை. கூடங்குளத்தின் புதிய அலகுகளில் வேலை எடுத்திருக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன் அனுபவச் சான்றிதழைச் சரிசெய்யுங்கள். "மேற்பார்வையாளர்" என்ற ஒற்றைச் சொல்லில் 12 ஆண்டுகளை முடித்துவிடுவார்கள். எத்தனை வோல்ட் சுவிட்ச்கியர், எந்த ரிலே (பழுது நேர்ந்தால் மின்சுற்றைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்புக் கருவி) சோதனைகள், எத்தனை கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் என்று நீங்களே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். இப்போதைய ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறுவதற்குள் வாங்கிவிடுங்கள். மாறியபின் கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்கமாட்டார்.