குமரிக் கரையில் கூடாரம் போட

ஜூலையில் கன்னியாகுமரியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை காரில் நிதானமாகப் போய், இரவில் செலவில்லாமல் மணலிலேயே டென்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போய் வாருங்கள், ஆனால் ஜூலையில் மணலில் தூங்க வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையில் கடல் மூர்க்கமாக இருக்கும். காற்றே இல்லாத நாளில்கூடக் கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் கிளம்பித் திடீரென்று கரைக்கு வரும் பேரலை, ஏறிவிடும். 2024 மே மாதம் இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் அலையில் சிக்கி இறந்தார்கள். நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. டென்ட் போடுவதை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள். அப்போதும் புறப்படும் முன் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

இடம் பிடிக்க ஒரு வழி: மீன்பிடி வள்ளங்களை எந்த மேடுவரை ஏற்றி வைத்திருக்கிறார்களோ, அதற்கும் உள்ளே தள்ளிப் போடுங்கள். தென்னை மூட்டில் மட்டும் வேண்டாம், தேங்காய் விழும். மீனவ ஊர்களில் கரைதான் அவர்களுக்கு முற்றம்; வலை காய்வதும் மீன் உலர்த்துவதும் அங்கேதான். இருட்டும் முன்பே போய்ப் பங்குத்தந்தையிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுத் தங்கினால் இரவில் தொந்தரவு இருக்காது. முட்டத்துப் பாறைகளில் வழுக்கும், இருட்டில் ஏறாதீர்கள். அப்புறம், மணக்குடிப் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், குளிக்க இறங்கவே வேண்டாம்.