டயர் மாற்றினால் டன் ஏறுமா?

கேள்வி: காசிமேட்டிலிருந்து வானகரம் மார்க்கெட்டுக்கு என் பிக்கப்பில் மீன் ஏற்றுகிறேன். ஆறே மாதத்தில் பின் டயர் இரண்டும் பக்கவாட்டில் வெடித்துவிட்டன. இப்போது இருக்கும் டயர் சைஸ் 215/75 ஆர் 15. 'டிஸ்க்கோடு (வீல் ரிம்) சேர்த்து 235-ல் ஹெவி டயர் போடுங்க, இன்னும் அரை டன் ஏத்தலாம்' என்கிறார் கடைக்காரர். போடலாமா சார்?
- வாசகர், காசிமேடு

பதில்: ஹெவி டயர் போடுங்கள். சைஸை மாற்றாதீர்கள். அந்த அரை டன்னை மறந்துவிடுங்கள்.

டயர் தாங்கும், சரி. அச்சு, ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் பழையதுதானே? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் டயரைப் பார்த்து ஏறாது. அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். மிகையாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒருநாள் முழு லோடோடு எடைமேடையில் ஏறிப் பாருங்கள். மீனுக்குக் கணக்கு வைத்திருப்பீர்கள். ஐஸும் பெட்டியும் தேங்கும் தண்ணீரும் பில்லில் வராது, அச்சின் மேல் உட்காரும்.

235/75-க்குப் போனால் டயர் விட்டம் 3 செ.மீ. கூடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது 62-க்கு மேல் போவீர்கள், அது பெரிதில்லை. லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்திருப்பது தெரியும். வெளியே தள்ளி நிற்கும் டிஸ்க் என்றால் வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

அதே 215/75 ஆர் 15-ல் 8 பிளை கேளுங்கள், அதுதான் நான் சொன்ன ஹெவி டயர். டயரின் பக்கவாட்டில் லோடு இண்டெக்ஸ் எண் இருக்கும்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ தாங்கும். 108/106 என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண்தான் உங்களுக்கு. மற்றது பின்னால் ஜோடி டயர் ஓடும் வண்டிக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். அப்புறம் டயரில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை 'புது டயர்' வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கு மூன்று வயது. பில்லில் டயரின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள், நாளை டயரில் குறை என்றால் அதுதான் பேசும். கடை கைவிரித்தால் 1915, நுகர்வோர் உதவி எண்.

இதையெல்லாம் செய்தும் வெடிக்கலாம். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். ஹெவி டயரில் பழைய அளவுக்கே காற்று அடித்தால் கொடுத்த காசு வீண். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் டிஸ்க் மேல்தான். உப்புக் காற்று, மேலே ஒழுகும் மீன் தண்ணீர். டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். டியூப்லெஸ் என்றால் அந்த இடுக்கில் காற்று மெல்லக் கசியும். காற்றுக் குறைந்த டயர் லோடோடு ஓடினால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடாகி அங்கேதான் வெடிக்கும். டயர் மாட்டியதும் விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். துரு குழி விழுந்திருந்தால் அதே அளவில் புது இரும்பு டிஸ்க் வாங்கிவிடுங்கள்.