ஐசியுவில் பூஞ்சை மருந்தின் டோஸை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

ஏற்றுகிற மருந்தின் அளவுதான் டோஸ், ஆனால் பூஞ்சையை அடக்குவது ரத்தத்தில் தங்கி நிற்கிற அளவு. நாகர்கோவில் பக்கம் தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைக்கும்போது திடீரென்று நாலு பேர் வந்தால் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுவோம், போட்ட உப்பு அதேதான், குழம்பு சப்பென்று ஆகிவிடும். ஐசியுவிலும் சலைன் லிட்டர் கணக்கில் ஏறி, கை விரல் எல்லாம் வீங்கிக் கிடக்கும், மருந்து நீர்த்துப்போகும். அப்புறம் சிறுநீரகம். புளுகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து பெரும்பாலும் அது வழியாகத்தான் வெளியேறும், அது படுத்தால் மருந்து தேங்கும், 24 மணி நேரமும் ஓடுகிற டயாலிசிஸ் போட்டாலோ மருந்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை இருந்தால் புளுகோனசோலைப் பொதுவாக முதல் நாள் 800 மில்லிகிராம், பிறகு தினம் 400 என்று தொடங்கி, ஆளைப் பார்த்து மாற்றுகிறார்கள். டோஸைக் கூட்டினாலே நோய் முற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள், உடம்பு மருந்தை வேகமாக இழப்பதாலும் கூட்டுவார்கள்.