கேளுங்க சொல்றோம்: ஷேர்டு ஆபீஸ்ல சீட் எடுக்கலாமா?

கேள்வி: நானும் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து வீட்ல இருந்தே வெப்சைட் டிசைன் பண்ணிக் குடுக்கறோம். இப்போ ஒரு ஆபீஸ் வேணும். தனியா எடுத்தா அட்வான்ஸ், டேபிள், சேர், நெட் கனெக்‌ஷன்னு செலவு எகிறுது. கோவொர்க்கிங்ல, அதாவது பல கம்பெனிக்காரங்க ஒண்ணா உக்கார்ற ஷேர்டு ஆபீஸ்ல, மாசா மாசம் சீட்டுக்கு கட்டினா போதும்ங்கறாங்க, ஆனா சீட் கணக்கு போட்டா அதுவும் கம்மியா தெரியல. எது பெட்டர்?

பதில்: சீட் ரேட்டையும் வெறும் வாடகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா கோவொர்க்கிங் காஸ்ட்லியா தான் தெரியும், ஏன்னா அந்த ரேட்டுக்குள்ள கரண்ட், ஏசி, கிளீனிங், நெட், ரிசப்ஷன்ல உக்கார்றவங்க சம்பளம் எல்லாம் இருக்கு, வாடகைல இது எதுவும் கிடையாது. ஏசி ரிப்பேர்னா ஆளைக் கூப்பிட்டு கூடவே நிக்கறது யாரு, அந்த நேரத்துல உங்க வேலை என்னாகும்ங்கறதையும் சேர்த்துட்டு கம்பேர் பண்ணுங்க. மூணு பேருக்கு என் ஓட்டு கோவொர்க்கிங்குக்கு தான். ஆளு கூடக்கூட, அதுவும் எல்லாரும் தினமும் வர்ற மாதிரி இருந்தா, கணக்கு தனி ஆபீஸ் பக்கம் சாய ஆரம்பிக்கும்.

அதுக்காக மூணு பேருக்கு மூணு சீட்னு கண்ண மூடிட்டு எடுத்துடாதீங்க. 2005ல சான் பிரான்சிஸ்கோல பிராட் நியூபர்க்னு ஒரு புரோகிராமர் கோவொர்க்கிங்னு பேர் வெச்சு ஆரம்பிச்சப்போவே வாரத்துக்கு ரெண்டு நாள் தான் அந்த இடம் இருந்துச்சு, அதுலயே வேலை நடந்துச்சு. நீங்களும் தினமும் போயே ஆகணுமான்னு யோசிங்க. ஹாட் டெஸ்க்னா எது காலியோ அதுல உக்காரணும், ரேட் கம்மி, ஆனா ரெண்டு மானிட்டர் வெச்சு வேலை பாக்கற டிசைனர் அதை தினமும் கழட்டி மாட்டிட்டு இருக்க முடியாது, அவருக்கு மட்டும் ஃபிக்ஸட் டெஸ்க் எடுங்க, மத்த ரெண்டு பேரும் ஹாட் டெஸ்க்ல சமாளிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, சுத்திப் பாக்க சாயங்காலம் போகாதீங்க, அப்போ எல்லா இடமும் அமைதியா அழகா தான் இருக்கும். வேலை நாள்ல காலைல பதினொரு மணிக்கு டிரையல் கேட்டு உக்காருங்க. பிளக் பாயின்ட் பக்கத்துல சீட் கிடைக்குதா, தனியா ஃபோன் பேசற சின்ன கேபினுக்கு எத்தன பேர் காத்திருக்காங்க, வீடியோ கால்ல படம் உறையுதான்னு அப்ப தான் தெரியும். அப்லோட் ஸ்பீடை நீங்களே டெஸ்ட் பண்ணுங்க, விளம்பரத்துல போடறது பெரும்பாலும் டவுன்லோட் ஸ்பீடு, உங்களுக்கு பெரிய ஃபைல் அனுப்பற வேலை. மீட்டிங் ரூம் மாசத்துக்கு எத்தன மணி நேரம் ஃப்ரீ, அதுக்கு மேல போனா எவ்வளவுன்னும் கேட்டு வெச்சுக்கங்க. பில் வீங்கறது அங்க தான்.

கேள்வி: கோவொர்க்கிங் நடத்தற வீவொர்க் மாதிரி பெரிய கம்பெனியே திவாலாச்சே, நாளைக்கு நாங்க இருக்கற இடத்தை பூட்டிட்டா டெபாசிட் என்னாகும்?

பதில்: நியாயமான பயம். 2019 ஆரம்பத்துல 4,700 கோடி டாலர்னு மதிப்பு போட்ட கம்பெனி 2023 நவம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போச்சு, கடனையும் நிறைய கட்டடங்களோட குத்தகையையும் கழட்டிவிட்டுட்டு 2024ல வெளிய வந்துச்சு. இது ஒண்ணும் புதுசு இல்ல, 1989ல பிரஸ்ஸல்ஸ்ல ஆரம்பிச்ச ரீஜஸ்னு இதே மாதிரி ஆபீஸ் வாடகைக்கு விடற கம்பெனி இருக்கே, அதோட அமெரிக்க பிரிவும் 2003ல இதே மாதிரி கோர்ட் ஏறி மீண்டு வந்தது தான். சிக்கல் எங்கன்னா, இவங்க கட்டட ஓனர்கிட்ட பல வருஷத்துக்கு கையெழுத்து போட்டுட்டு நமக்கு மாசக் கணக்குல விக்கறாங்க, மார்க்கெட் படுத்தா நாம காலி பண்ணிட்டு போயிடுவோம், அவங்க ஓனருக்கு கட்டிட்டே இருக்கணும்.

நீங்க கையெழுத்து போடற பேப்பர் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம் கிடையாது, இடத்தை பயன்படுத்திக்க ஒரு அனுமதி, அவ்வளவு தான். வாடகைதாரருக்கு இருக்கற பாதுகாப்பு இதுல பொதுவா வராது, கட்டட ஓனருக்கு உங்களை யாருன்னே தெரியாது. அதனால டெபாசிட் ஒரு மாசத்துக்கு மேல கேட்டா பேரம் பேசுங்க, ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடின்னா வேண்டாம்னுடுங்க. லாக்-இன், அதாவது நடுவுல காலி பண்ண முடியாத காலம், எத்தன மாசம், நோட்டீஸ் எத்தன நாள், அவங்க மூடினா உங்களுக்கு எத்தன நாள் முன்னாடி சொல்லுவாங்கன்னு படிங்க. கம்பெனி ரிஜிஸ்டர்ட் அட்ரஸா அந்த இடத்தை குடுத்திருந்தா இன்னும் உஷார், இடம் மாறினா எல்லா பேப்பர்லயும் மாத்தணும், அரசாங்க லெட்டர் பழைய அட்ரஸுக்கே போயிட்டு இருக்கும்.

கேள்வி: எல்லாருக்கும் ஒரே வைஃபை பாஸ்வேர்டு. நான் கணக்கு வழக்கு பாக்கறவ, கிளையன்ட் ஃபைல் சேஃபா?

பதில்: ஒரு கம்பெனி லேப்டாப்புக்கு இன்னொரு கம்பெனி லேப்டாப் தெரியாத மாதிரி நெட்வொர்க்கை பிரிச்சிருக்காங்களான்னு கேளுங்க மேடம். பதில் சொல்லத் தெரியாம முழிச்சா பிரிக்கலன்னு வெச்சுக்கங்க. லேப்டாப்ல ஃபைல் ஷேரிங்கை ஆஃப் பண்ணுங்க, நெட்ல போற தகவலை மத்தவங்க படிக்க முடியாம மறைக்கற விபிஎன் போடுங்க, லேப்டாப் தொலைஞ்சாலும் பாஸ்வேர்டு இல்லாம ஃபைலை படிக்க முடியாத மாதிரி டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க. எழுந்து போறப்போ ஸ்கிரீனை லாக் பண்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா காமன் பிரின்டர்ல பிரின்ட் குடுத்துட்டு கால் வந்துச்சுன்னு வெளிய போயிடறோம் பாருங்க, கிளையன்ட்டோட பேலன்ஸ் ஷீட் அங்கயே ட்ரேல கிடக்கும். பின் நம்பர் போட்டா தான் பேப்பர் வெளிய வர்ற வசதி நிறைய ஆபீஸ் பிரின்டர்ல உண்டு, ஆன் பண்ணித் தர சொல்லுங்க.

கேள்வி: பக்கத்து சீட்காரர் நாள் முழுக்க ஃபோன்ல சத்தமா பேசறாரு, சொன்னா கோச்சுக்குவாரோ?

பதில்: நீங்க எதுக்கு சொல்லணும், நீங்க கட்டற காசுல மேனேஜர் சம்பளமும் இருக்கு, அவர்கிட்ட சொல்லுங்க. அந்த சீட்காரர் சேல்ஸ் ஆளா இருந்தா திருந்த மாட்டாரு, நீங்களே சீட்டை மாத்திக் கேளுங்க.